செவ்வாய்க்கிழமைக் குதிரைகள்

இலங்கை மலைநாட்டுப் பதுளையில் வீட்டுக்கு வீடு தொலைக்காட்சி வரத் தொடங்கிய பிறகும், செவ்வாய்க்கிழமை மத்தியான ளுஹர் தொழுகை முடிந்ததும் ஸல்மா தன் வீட்டுப் பின்கூடத்து யன்னல்களில் கம்பளியைத் தொங்கவிடுவாள். கூடம் இருட்டிவிடும். சுண்ணாம்பு அடித்த சுவரில் சதுரமாக ஒரு வெளிச்சம் விழும். அந்த வெளிச்சத்துக்குள் குதிரைகள் ஓடும். சத்தமே இல்லாமல் ஓடும். துப்பாக்கி வெடிக்கும், சத்தம் இராது. ஆள் சாய்ந்து விழுவான், சத்தம் இராது. தகரக் கூரையில் மழை பெய்தால் அதுதான் அன்றைய படத்துக்குச் சத்தம்.

அவை எல்லாம் பேசாத படங்கள். சினிமா பேசக் கற்றுக்கொள்வதற்கு முந்திய காலத்தில் அமெரிக்காவில் எடுத்தவை. அகலத் தொப்பி போட்ட மாட்டுக்காரர்களும், குதிரையும், துப்பாக்கியும், முடிவில்லாத புழுதி வெளியும் உள்ள படங்கள். எடுத்த ஊர்க்காரர்களே மறந்துபோயிருக்கக்கூடிய அந்தப் படங்களை, பதுளைக் கடைத்தெருவில், பழைய கதிரை, கட்டில் விற்கும் தளபாடக் கடைக்குப் பின்னால் இருந்த வீட்டில், இங்கிலீஷில் தன் பெயரைக்கூட எழுதத் தெரியாத ஒரு பெண் வருடக்கணக்காகத் தேடித் தேடிச் சேர்த்தாள். கடைத்தெருப் பெண்கள் அவளைக் 'குதிரை ஸல்மா' என்றார்கள். அவள் அதற்குக் கோபித்துக்கொண்டதில்லை. ஊரில் இன்னும் நாலு ஸல்மா இருந்தார்கள். அடையாளத்துக்கு ஏதாவது வேண்டுமே என்பாள்.

ஸல்மா பண்டாரவளையில் ஒரு தையற்காரரின் மகள். தமிழில் ஐந்தாம் வகுப்பு வரை படித்தாள், குர்ஆன் ஓதி முடித்தாள், அதோடு படிப்பு நின்றது. தளபாடக் கடைக்கார இத்ரூஸைக் கலியாணம் முடித்துப் பதுளைக்கு வந்தபோது, சாமான்களோடு ஒரு ரேடியோவும் வந்தது. தனியாக இருக்கும் நேரத்தில் பாட்டுக் கேட்பது அவளுக்கு அவ்வளவு விருப்பம். ஆனால் அந்த ரேடியோ புது வீட்டில் ஒரு கிழமைகூடப் பாடவில்லை.

இத்ரூஸின் மூத்த சகோதரி ரஹ்மத்தும்மா அந்த வீட்டில்தான் இருந்தாள். விதவை. பிள்ளை இல்லை. குரலை உயர்த்திப் பேசமாட்டாள். உயர்த்த வேண்டிய தேவையும் அவளுக்கு வந்ததில்லை. "இந்த வீட்டுல பாட்டு வேணாம் தம்பி" என்று ஒரே ஒரு தடவை சொன்னாள். இத்ரூஸ் மறுபேச்சில்லாமல் ரேடியோவைத் தூக்கிக்கொண்டுபோய்க் கடையின் முன்பக்கத்தில் வைத்தான். பசறைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றின் கணக்கப்பிள்ளை அதை வாங்கிப் போனார். ஸல்மா அன்றைக்குக் குசினியில் வெங்காயம் உரித்தாள். அதனால் அவள் அழுதது யாருக்கும் தெரியவில்லை.

மகள் நளீராவுக்கு நாலு வயதான காலம், அறுபத்தாறாம் வருடமாக இருக்கலாம், ஹல்துமுல்லைக்கு மேலே ஒரு தோட்டத்துத் துரை சீமைக்குத் திரும்பினார். பங்களாச் சாமான்களை இத்ரூஸ் ஏலத்தில் எடுத்தான். கதிரைகள், கண்ணாடி வைத்த அலுமாரி, இரும்புக் கட்டில்கள். லொறியில் சாமான்களோடு அந்தப் பங்களாவின் சமையற்காரர் முருகையாவும் வந்து இறங்கினார். கண்ணாடி உடையாமல் பிடித்துக்கொண்டு வர ஆள் வேண்டியிருந்தது. கடைசியாக அவர் ஒரு கறுப்புப் பெட்டியையும் சில வட்டமான சின்ன டப்பாக்களையும் இறக்கினார்.

"இது என்ன, பாட்டுப் பெட்டியா?" என்றான் இத்ரூஸ்.

"இல்லிங்க மொதலாளி, படப் பொட்டி. தொரையோட புள்ளைங்க சின்னதா இருந்தப்ப செவுத்துல படம் காட்டுவாரு. நாந்தாங்க கைப்புடிய சுத்துவேன். சுத்திச் சுத்தி என் தோளு எறங்கிப் போச்சு."

"பாடுமா?"

"எங்கிட்டுப் பாடுறது? ஊமைங்க."

கடைக்கும் வீட்டுக்கும் நடுவில் தொங்கிய திரைக்குப் பின்னால் தேத்தண்ணிக் கோப்பையோடு நின்ற ஸல்மாவின் காதில் அந்தச் சொல் விழுந்தது. ஊமை. பாடாது. அவள் தேத்தண்ணியைக் கொடுத்தனுப்பிவிட்டு நேராக ரஹ்மத்தும்மாவிடம் போனாள்.

"மைனி, கடைக்கு ஒரு படப்பெட்டி வந்திருக்கு. பாட்டு இல்லையாம்."

"ஆட்டம்?"

"குதிரைதான் ஆடுதாம்."

ரஹ்மத்தும்மா தஸ்பீஹ் மணியை ஒரு சுற்று உருட்டி முடித்தாள். "கொண்டு வரச் சொல்லு, பாப்போம். பொம்பளைகள் மட்டும் பாக்கணும். கேடுகெட்ட காட்சி ஒண்டு வந்திச்சோ, அண்டைக்கே அது கடைக்குப் போயிரும். புருஷன் இல்லாத நேரம் அந்நிய ஆம்பளை வீட்டுக்குள்ள வாறது, தொட்டுப் பேசுறது, அதெல்லாம் எங்கட வீட்டுச் சுவத்துல விழக் கூடாது."

முருகையா திரைக்கு அந்தப் பக்கம் நின்று சொல்லச் சொல்ல, ஸல்மா படத்தைப் பூட்டப் பழகினாள். படச்சுருள் விரல் அகலம்கூட இல்லை. ஓரத்தில் ஓட்டை கிடையாது; சுருளில் ஒரு குட்டிப் படத்துக்கும் அடுத்ததுக்கும் நடுவில் ஒற்றை ஓட்டை. கைப்பிடியை ஒரே சீராகச் சுற்ற வேண்டும். வேகமாகச் சுற்றினால் குதிரை பறக்கும், மெதுவாகச் சுற்றினால் கிழட்டுக் குதிரை. இன்னொரு விசித்திரமும் அந்த மெசினில் இருந்தது. படத்தின் நடுவில் இங்கிலீஷ் எழுத்து வந்தால், கைப்பிடி சுற்றிக்கொண்டே இருந்தாலும் படம் தானாகக் கொஞ்சம் நின்றுவிடும். வாசிக்கிறவர்களுக்காகச் செய்த ஏற்பாடு அது. வாசிக்க அந்தக் கூடத்தில் யாரும் இல்லை. ஆகையால் எழுத்து வந்தால் தேத்தண்ணி ஊற்றுகிற நேரம் என்று ஆகிவிட்டது. "எழுத்து வந்திட்டு" என்று யாராவது சொன்னால் கோப்பைகள் கைமாறும், வெற்றிலைத் தட்டம் நகரும், பிள்ளை அழுதால் மடி மாறும். கடைக்கணக்கு அளவுக்கு இங்கிலீஷ் தெரிந்த இத்ரூஸ் பெண்கள் இருக்கும் கூடத்துக்குள் வருவதே இல்லை.

முதல் நாள் ரஹ்மத்தும்மா சுவருக்கு நேராகக் கதிரை போட்டு, நீதவான் மாதிரி உட்கார்ந்தாள். பக்கத்து வீட்டுப் பலீலா பாயில் இருந்தாள். பலீலாவுக்கு வாய் சும்மா இருக்காது.

படத்தில் ஒரு மர வீடு. சுற்றி ஒரு மரம்கூட இல்லாத வெளி. வீட்டில் ஒரு பெண்ணும் நரைத்த தாடிக்காரர் ஒருவரும். அவர் அவளுக்குத் தகப்பனா, புருஷனா?

"வாப்பாவா, மாப்பிள்ளையா?" என்றாள் பலீலா.

"மாப்பிள்ளை" என்றாள் ரஹ்மத்தும்மா. "வயசான மாப்பிள்ளை. எல்லாருக்குமா வயசுக்கேத்தவன் கிடைக்கிறான்?"

தாடிக்காரர் வண்டியில் ஏறிப் போகிறார். தூரத்தில் புழுதி கிளம்புகிறது. கழுத்தில் வெள்ளைக் கைக்குட்டை கட்டிய ஒருத்தன் குதிரையில் வருகிறான். இறங்கி, முதலில் குதிரைக்குத் தண்ணீர் காட்டுகிறான். பிறகு தொப்பியைக் கழற்றிக்கொண்டு நேரே வீட்டுக்குள் போகிறான். அவள் சோறு வைப்பது போல ஏதோ தட்டில் வைக்கிறாள். அவனுடைய கிழிந்த கையை, சேட்டுக் கையைத்தான், அவன் போட்டிருக்கும்போதே தைத்துக் கொடுக்கிறாள்.

ஸல்மா கைப்பிடியைச் சுற்றிக்கொண்டே ரஹ்மத்தும்மாவைப் பார்த்தாள். முடிந்தது, பெட்டி நாளைக்கே கடைக்குப் போய்விடும் என்று நினைத்தாள்.

"தம்பி" என்றாள் ரஹ்மத்தும்மா.

"ஆரு ராத்தா?" என்றாள் பலீலா.

"அவட தம்பி வந்திருக்கான். கூடப் பொறந்தவன் இல்லாட்டி இப்படி உள்ளுக்கு வருவானா? இவளும் சோறு போட்டு, சட்டை தைச்சுக் கொடுப்பாளா?"

"மீசை பெரிசா இருக்கே. மூத்தவனா, நானாவா இருக்கும்."

"தம்பிக்கும் மீசை முளைக்கும்தானே."

தீர்ப்பு ஆகிவிட்டது. கிணற்றடியில் அவன் அவளுடைய இரண்டு கைகளையும் தன் இரண்டு கைகளுக்குள் பிடித்தபோது, "போகப் போறான், ஸலாம் கொடுக்கிறான்" என்று எல்லாருக்கும் விளங்கிவிட்டது. "வெள்ளைக்காரனும் எங்கள மாதிரி ரெண்டு கையாலதான் கொடுக்கிறானே" என்று பலீலா ஆச்சரியப்பட்டாள். பிறகு கெட்டவர்கள் வந்தார்கள். தாடிக்காரர் சுடப்பட்டு விழுந்தார். அவள் அந்த வெளியில் தனியாக நின்றாள். புழுதிக்குள்ளிருந்து வெள்ளைக் கைக்குட்டை மறுபடி வந்தது. அவளைக் குதிரையில் ஏற்றி, மலைப்பக்கமாகக் கொண்டுபோனது. அவ்வளவுதான் படம்.

கம்பளியை அவிழ்த்தபோது ரஹ்மத்தும்மா முக்காட்டுத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். "புழுதி" என்றாள். மழை பெய்துகொண்டிருந்த பதுளையில் ஏது புழுதி?

ஸல்மாவுக்கு விளங்கியது. மாமியார் உயிரோடு இருந்த காலத்தில் அவளுக்குச் சொன்ன கதை அது. ரஹ்மத்தும்மாவைப் பசறையில் மிகவும் மூத்த ஒரு வியாபாரிக்குக் கட்டிக் கொடுத்திருந்தார்கள். அவர் மௌத்தானதும் அவள் விதவைக்குரிய நாலு மாதமும் வெளியே போகாமல் இத்தா இருந்தாள். அது முடிந்த பிறகு அவளை என்ன செய்வதென்று புருஷன் வீட்டார் கூடிப் பேசிக்கொண்டிருந்தார்கள். தகப்பன் இல்லாத வீடு. கேட்க ஆளில்லை என்று நினைத்தார்கள். அப்போது, யாரும் சொல்லியனுப்பாமல், அரும்பு மீசை இத்ரூஸ் தனியாகப் பசறைக்குப் போய் அந்த வாசலில் நின்றான். "ராத்தாவைக் கூட்டிட்டுப் போக வந்தேன்" என்றான். தேயிலை லொறி ஒன்றின் முன்பக்கத்தில் அவளை ஏற்றி, வளைவு வளைவாக மழையில் பதுளைக்குக் கொண்டுவந்தான். அக்காவும் தம்பியும் அதைப் பற்றிப் பிறகு ஒரு நாளும் பேசியதில்லை.

அந்தப் படத்தால் பெட்டி வீட்டில் தங்கியது. செவ்வாய்க்கிழமைகள் வந்தன.

ஸல்மா சேர்க்கத் தொடங்கியது அதற்குப் பிறகுதான். ஒரே படத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்தபோது, அவளுக்கு வேறு பல விஷயங்கள் கண்ணில் படத் தொடங்கின. பேச்சில்லாத படத்தில் முகம் சும்மா இருக்க முடியாது. கெட்டவன் கதவைத் திறக்கும் விதத்திலேயே கெட்டவன் என்று தெரியும். நல்லவன் துப்பாக்கியைத் தொடுமுன் ஒருமுறை குதிரையைப் பார்ப்பான். இந்த மலைநாட்டில் எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு மலை வந்து கண்ணை மறிக்கும். அங்கே கண் போய்க்கொண்டே இருக்கும். வானமும் மண்ணும் ஒட்டுகிற கோட்டில் ஒரு புள்ளி தெரியும். அது வளர்ந்து வளர்ந்து மனிதனாகும். அந்தப் புள்ளி வருகிற வரைக்கும் காத்திருப்பதுதான் படத்திலேயே நல்ல இடம் என்று அவள் சொல்லுவாள். ஊர் தாண்டிப் போகாத பெண்களுக்கு அது விளங்கியது.

அதிலிருந்து இத்ரூஸ் எந்தப் பங்களா ஏலத்துக்குப் போனாலும் அவள் சொல்லியனுப்புவது ஒன்றுதான்: "நடு ஓட்டைப் படம் இருந்தாப் பாருங்க. குதிரை இருக்கணும்." இத்ரூஸுக்கு மறதி அதிகம். முருகையாவுக்கு மறதியே கிடையாது. அவர் ஒரு தோட்டத்துப் பங்களாவிலிருந்து இன்னொன்றுக்கு மாறிக்கொண்டே இருந்தார். எங்கே போனாலும் அலுமாரிக்கு மேலே, களஞ்சிய அறை மூலையில், விரலை விட்டுத் தடவிப் பார்ப்பார். பதுளைக்கு வரும் நாளில் கடைவாசலில் நின்று திரையைப் பார்த்துச் சொல்லுவார்:

"தங்கச்சி, ஒண்ணு ஆப்புட்டுச்சு. ஆனா குதிரை இல்ல. தொரையம்மா கடல்ல குளிக்கிறாங்க."

"அது வேணாம் நானா! மைனி கண்டா உங்களயும் சேத்துக் கடையில வச்சு வித்துருவா."

"நம்மள யாருங்க வாங்குவா?" என்று சிரித்துவிட்டுப் போவார். அடுத்த முறை வரும்போது குதிரை வரும்.

எழுபதுகளில் தோட்டங்களை அரசாங்கம் எடுத்தபோது துரைமார் கூட்டமாகப் போனார்கள். பெட்டிகள் கூட்டமாக வந்தன. ஸல்மா எல்லாவற்றையும் ஓட்டிப் பார்த்து, குதிரை இல்லாததை ஒதுக்கினாள். டப்பாக்களின் மேல் எழுதியிருந்தது அவளுக்கு வாசிக்கத் தெரியாது. தகப்பனிடமிருந்து வந்த துண்டுத் துணிகள் இருந்தன. ஒவ்வொரு படத்தையும் ஒரு துணியில் கட்டினாள். ரயிலை மறித்துக் கொள்ளையடிக்கும் படம் சிவப்புத் துணி. பனியில் குதிரை வழிதவறும் படம் வெள்ளைச் சீத்தை. தம்பி படம் பச்சைப் பட்டு. அதே நடிகன் ஒரு படத்தில் கொள்ளைக்காரனாகவும் இன்னொன்றில் பொலிஸ்காரனாகவும் வந்தான். "தௌபா செஞ்சு திருந்திட்டான்" என்றாள் பலீலா. அதனால் கொள்ளைக்காரன் படத்தை முதல் கிழமையும் பொலிஸ்காரன் படத்தை அடுத்த கிழமையும் காட்டுவது வழக்கமாயிற்று.

முருகையா பிறகு இந்தியாவுக்குப் போய்விட்டார். தோட்டத் தமிழர்களை இந்தியாவுக்கு அனுப்பும் ஒப்பந்தப்படி அவருக்கும் மனைவி பெரியாயிக்கும் கடுதாசி வந்திருந்தது. பதுளை ஸ்டேசனுக்குப் போகும் வழியில், மூட்டை முடிச்சோடு, பெரியாயி முதன்முறையாகத் திரைக்கு இந்தப் பக்கம் வந்து ஸல்மாவின் கையில் ஒரு டப்பாவை வைத்தாள். "அவரு குடுக்கச் சொன்னாருங்க. குதிரை இருக்காம்" என்றாள். அந்த வீட்டில் ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுப் போனாள். குதிரை இருந்தது. அந்த டப்பாவுக்கு ஸல்மா தன் கலியாணச் சேலையின் ஓரத்தைக் கிழித்துக் கட்டினாள்.

நளீரா கண்டியில் ஸல்மாவின் தங்கை வீட்டில் நின்று படித்தாள். எழுபத்தேழாம் வருடம் ஏப்ரல் விடுமுறைக்கு வந்தபோது அவளுக்குப் பதினைந்து வயது. இங்கிலீஷில் வகுப்பிலேயே முதலாவது என்று சொல்லிக்கொண்டாள். வந்த மறுநாள், ஞாயிற்றுக்கிழமை, தாயும் மகளும் தனியாகக் கம்பளி கட்டிப் பச்சைத் துணிப் படத்தை ஓட்டிப் பார்த்தார்கள். நளீரா சின்னதில் மடியில் படுத்துக்கொண்டு பார்த்த படம். எழுத்து வந்ததும் ஸல்மா பழக்கப்படி கோப்பையை எடுத்தாள். மகள் களுக்கென்று சிரித்தாள்.

"உம்மா, அந்தத் தாடிக்காரர் அவட மாப்பிள்ளை இல்ல. வாப்பா!"

"என்ன கதைக்கிற?"

"'மகளே'ண்டு எழுதியிருக்கு. பொறுங்க, பொறுங்க, அடுத்தது வரட்டும்." கிணற்றடி வந்தது. கைகள் பிடிபட்டன. எழுத்து வந்து நின்றது. நளீரா தலையணையில் முகத்தைப் புதைத்துச் சிரித்தாள். "கலியாணம் முடிக்கச் சொல்லிக் கேக்குறான் உம்மா! தம்பியாம் தம்பி!"

ஸல்மாவுக்குச் சிரிப்பு வரவில்லை. படப்பெட்டியின் விளக்கை அணைத்துவிட்டு இருட்டிலேயே உட்கார்ந்திருந்தாள். பதினோரு வருடமாக அந்நிய ஆண் ஒருவன் இந்தச் சுவரில் ஒரு கன்னிப்பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறான். அதை நல்லது என்று தீர்ப்புச் சொன்னவள் ரஹ்மத்தும்மா. தான் சொன்னது பிழை என்று தெரிந்தால் அவள் இந்தப் படத்தோடு நிறுத்துவாளா? எல்லாத் துணிகளும் அவிழும். எல்லா டப்பாக்களும் ரேடியோ போன வழியில் போகும். செவ்வாய்க்கிழமை மற்றக் கிழமைகளைப் போல ஆகிவிடும்.

"இதை ஒருத்தருக்கும் சொல்லாத" என்றாள்.

ஆனால் பலீலாவின் வாய் முந்திவிட்டது. நளீரா இங்கிலீஷ் புத்தகம் வாசிப்பதை வேலிக்கு மேலால் பார்த்தவள், திங்கட்கிழமை காலையிலேயே வந்து ரஹ்மத்தும்மாவிடம் சொன்னாள்: "ராத்தா, இனி எங்களுக்கென்ன குறை? எழுத்தயும் வாசிச்சுக் காட்ட எங்கட புள்ள வந்திட்டா."

ரஹ்மத்தும்மாவின் முகம் மலர்ந்தது. நளீராவைக் கூப்பிட்டு நெற்றியில் முத்தமிட்டாள். "நாளைக்கு நீ வாசி மகள். தம்பி படத்தப் போடச் சொல்லு உம்மாட்ட. இத்தனை வருஷமா அவன் என்ன கதைக்கிறாண்டு எனக்குக் கேக்கணும்."

"அந்தப் படம் கொஞ்சம் அறுந்திருக்கு மைனி" என்றாள் ஸல்மா.

"அறுந்தா ஒட்டு. நீ ஒட்டாத படமா?"

அன்று பின்னேரம் நெல் காயவைக்கும் பாயை மடித்துக்கொண்டிருந்தபோது நளீரா தாயிடம் வந்தாள். சிரிப்பு எல்லாம் போயிருந்தது.

"நான் மாத்தி வாசிக்கட்டா உம்மா? 'ராத்தா, நான் போய்ட்டு வாரேன்'ண்டு வாசிச்சா ஆருக்குத் தெரியும்?"

ஸல்மா பாயை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றாள். சரி என்று சொல்ல வாய் வந்தது. ஒரு சொல் போதும். எல்லாம் முந்தி மாதிரி இருக்கும். ஆனால் பிள்ளை படித்துக்கொண்டு வந்த முதல் வாசிப்பு பொய்யாக இருக்க வேண்டுமா? அதுவும் நெற்றியில் முத்தமிட்டுக் கேட்டவளிடமா?

"வேணாம்" என்றாள். "உள்ளதை வாசி. நடக்கிறது நடக்கட்டும்."

செவ்வாய்க்கிழமை கூடம் நிறைந்திருந்தது. இங்கிலீஷ் வாசிப்புக் கேட்க, வராதவர்களும் வந்திருந்தார்கள். ரஹ்மத்தும்மா கதிரையை இன்னும் கொஞ்சம் முன்னுக்கு இழுத்துப் போட்டாள். நளீரா சுவருக்குப் பக்கத்தில் நின்றாள். வெளிச்சம் அவள் தோளில் பட்டு, மர வீட்டின் ஒரு மூலை அவள் தாவணியில் விழுந்தது.

எழுத்து வந்தது. ஒருத்தியும் கோப்பையைத் தொடவில்லை.

"'மகளே, நான் வாறதுக்குள்ள இருட்டிரும். கதவப் பூட்டிக்கோ'" என்று நளீரா வாசித்தாள்.

"மகளேயா?" என்றாள் பலீலா.

"வயசான மாப்பிள்ளை பொஞ்சாதிய அப்படித்தான் கூப்பிடுவாரு" என்றாள் ரஹ்மத்தும்மா, சுவரிலிருந்து கண்ணை எடுக்காமல். "பசறையில என்னயும் அவரு அப்படித்தான் கூப்பிட்டாரு."

அவள் பசறையைப் பற்றிப் பேசி அந்தக் கூடத்தில் யாரும் கேட்டதில்லை.

குதிரை வந்தது. தண்ணீர் குடித்தது. சட்டை தைக்கப்பட்டது. கிணற்றடி. இரண்டு கைகள் இரண்டு கைகளுக்குள் போயின. ஸல்மா கைப்பிடியைச் சுற்றிக்கொண்டே இருந்தாள். எழுத்து வந்து, மெசினின் வழக்கப்படி, அசையாமல் நின்றது.

நளீரா தாயைப் பார்த்தாள். ஸல்மா சரி என்று தலையை அசைத்தாள்.

"வாசி மகள்" என்றாள் ரஹ்மத்தும்மா.

"'நீ என்னைக் கலியாணம் முடிப்பியா?' எண்டு கேக்குறான் மாமி."

பாயில் இருந்த யாரோ "யா அல்லாஹ்" என்றார்கள். பலீலா முக்காட்டை வாயில் கடித்துக்கொண்டாள். சிரிப்பை அடக்குகிறாளா என்று தெரியவில்லை. எழுத்து போய், படம் மறுபடி அசைந்தது. அவன் இன்னும் கையை விடவில்லை. ஸல்மா நிறுத்துவதற்காகக் கைப்பிடியைத் தளர்த்தினாள். அவன் கை, பிடித்தபடி, நடுங்கி நடுங்கி மெதுவானது.

"ஏன் நிப்பாட்டுற? ஓட்டு" என்றாள் ரஹ்மத்தும்மா.

ஸல்மா சுற்றினாள்.

"எழுத்துப் பிழை" என்றாள் ரஹ்மத்தும்மா. யாருக்கும் எதிராகச் சொல்லவில்லை. சோற்றில் உப்புக் குறைவு என்று சொல்வதைப் போலச் சொன்னாள். "படத்தை எடுத்தவன் ஒருத்தன். எழுத்தை எழுதினவன் வேற ஒருத்தன். அவன் படத்தை ஒழுங்காப் பாக்கல்ல. எத்தனை வருஷமா பாத்துக்கிட்டு இருக்கோம், அவன் ஆருண்டு எங்களுக்குத் தெரியாதா?"

"அதானே" என்றாள் பலீலா. உண்மையாகவே நிம்மதியான குரல் அது. "அப்படி எண்டா முதல்ல குதிரைக்கா தண்ணி காட்டுவான்? மாப்பிள்ளைப் பையன் எண்டா நேரா அவளிட்டத்தான் ஓடுவான்."

கூடம் முழுவதும் சிரித்தது. கோப்பைகள் நகர்ந்தன. கெட்டவர்கள் வந்தார்கள், தாடிக்காரர் விழுந்தார், புழுதிக்குள்ளிருந்து அவன் வந்தான். பெண்கள் எப்போதும் போல அந்த இடத்தில் மூக்கை உறிஞ்சினார்கள். எழுத்து வந்த போதெல்லாம் நளீரா வாயைத் திறப்பதற்குள் யாராவது "சீனி போட்டாச்சா?" என்று கேட்டார்கள்.

எல்லாரும் போன பிறகு ஸல்மா குசினியில் கோப்பைகளைக் கழுவினாள். நளீரா துடைத்து அடுக்கினாள். பின்னேர அஸர் தொழுகைக்குக் கைகால் கழுவி வுழூச் செய்துவிட்டு, ஈரக் கையோடு, ரஹ்மத்தும்மா வந்து கதவடியில் நின்றாள். அவள் குசினிக்கு வருவது குறைவு.

"மகள், மெய்யா அப்படித்தான் எழுதியிருக்கா?"

நளீராவின் கையில் துணி நின்றது. "ஓம் மாமி."

"அந்தத் தாடிக்காரர் வாப்பாவா?"

"ஓம்."

ரஹ்மத்தும்மா வெளியே பார்த்தாள். முற்றத்துக்கு அப்பால், கடையின் பின்கதவடியில், இத்ரூஸ் ஒரு பழைய கதிரையின் காலைத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்து ஆணி அடித்துக்கொண்டிருந்தான். முடி நன்றாக நரைத்துவிட்டிருந்தது.

"அப்ப அவளுக்குக் கூடப் பொறந்தவன் எண்டு ஒருத்தனும் இல்லையா?"

"இல்ல மாமி. அந்தப் படத்துல இல்ல."

"பாவம்" என்றாள். கொஞ்ச நேரம் ஆணியடிக்கும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நின்றாள். பிறகு ஈரக் கையால் நளீராவின் கன்னத்தை ஒருமுறை தொட்டாள்.

"அடுத்த கிழமை நீ வாசிக்க வேணாம். உம்மாக்குத் தோள் நோகுது, நீ கைப்பிடியச் சுத்து."

தொழுகைப் பாயை விரிக்கப் போய்விட்டாள். ஸல்மா கடைசிக் கோப்பையைக் கழுவிக் கவிழ்த்தாள். பிறகு கூடத்துக்குப் போய், படத்தைச் சுற்றி, பச்சைத் துணியில் கட்டி, அலுமாரியின் மேல்தட்டில், கை எட்டுகிற இடத்தில் வைத்தாள்.